நிஷி கசாய் பக்கம் பையனுக்கு ஜூடோ கிளாஸ் - ரெண்டு வருஷம் போன அனுபவம்

டோக்கியோல நம்மாளுங்க குவிஞ்சு கெடக்குற எதோகாவா ஏரியால குழந்தைங்கள என்ன கிளாஸ்ல சேக்கலாம்னு மாசத்துக்கு ஒருத்தராவது கேக்கறாங்க, அதான் மொத்தமா இங்கயே எழுதிடறேன். கிளாஸ் பேர் போடல, நெட்ல வர்றது சென்செய்க்கு (வாத்தியாருக்கு) பிடிக்காது. நிஷி கசாய் ஸ்டேஷன்ல இருந்து நடக்கற தூரம், வாரத்துல ரெண்டு நாள் சாயங்காலம், எழுபது தாண்டின மனுஷன் ஒருத்தர் நடத்தறாரு.

கீழ சுளுக்கு, எலும்பு நகர்ந்தது பாக்கற கிளினிக், மாடில டோஜோ, அதாவது ஜூடோ பழகற ஹால். மொத நாள் போர்டப் பாத்துட்டு "மேல ஒடச்சு கீழ ஒட்டுவாங்களா?"ன்னா என் வீட்டுக்காரி. சிரிச்சிட்டோம், ஆனா விசாரிச்சா ஜூடோ பொறந்த கதையே அங்கதான் ஆரம்பிக்குது. சாமுராய் காலம் முடிஞ்சு போச்சு, ஜுஜுட்சுங்கற பழைய மல்லுக்கட்டு சொல்லிக்குடுத்த வாத்தியாருங்களுக்கு பொழப்பு இல்ல, நெறைய பேர் எலும்பு வைத்தியம் பாத்து காலத்த ஓட்டிட்டு இருந்தாங்க. ஸ்கூல்ல ஒல்லிக்குச்சியா இருந்து அடி வாங்கின கானோ ஜிகோரோ, பின்னாடி ஜூடோவ உண்டாக்கினவரு, 1877ல யுனிவர்சிட்டி சேந்ததும் வாத்தியார் தேடி எலும்பு வைத்தியர்ங்க கிட்டதான் போய் கேட்டிருக்காரு, அப்படி கெடச்சவர்தான் ஃபுகுதா ஹாச்சினோசுகே. அந்த வைத்தியத்துக்கு இன்னிக்கும் கவர்மென்ட் குடுக்கற லைசென்ஸ் பேரு ஜூடோ செய்ஃபுகுஷி. எங்க சென்செய்யும் அதுதான், மாடில பசங்களுக்கு சொல்லிக்குடுத்துட்டு கீழ வந்து தாத்தா பாட்டிங்க முட்டியப் பாப்பாரு.

இப்ப கிளாஸுக்கு வர்றேன். மொத மூணு மாசம் யாரையும் தூக்கிப் போட விடவே மாட்டாங்க, வெறும் விழறதுதான். குத்துக்கால் போட்டு உக்காந்து பின்னால சரியணும், கை ரெண்டும் பாய்ல பட்டுனு அடிக்கணும், கண்ணு மட்டும் இடுப்புல இருக்கற பெல்ட் முடிச்ச விட்டு நகரக் கூடாது. அந்த முடிச்சப் பாத்தா தாடை தானா நெஞ்சுல ஒட்டும், பின்மண்டை தரையில இடிக்காது, அவ்ளோதான் விஷயம். என் பையன் தெனம் வீட்டு மெத்தையில விழுந்து கீழ் வீட்டுக்காரங்க கிட்ட நான் மன்னிப்பு கேட்டது தனிக்கதை. போன குளிர்காலத்துல ஐஸ்ல சைக்கிள் சறுக்கி விழுந்தான், எழுந்து வந்து "அப்பா, நான் முடிச்சப் பாத்தேன்"னான். ஜாக்கெட் போட்டிருந்தான், முடிச்சே கெடையாது.

கம்யூனிகேஷன்தான் பெரிய மைனஸ். நோட்டீஸ் எல்லாம் கையெழுத்து ஜப்பானீஸ், ஃபோட்டோ எடுத்து ட்ரான்ஸ்லேஷன் ஆப்ல போட்டா பாதி புரியாது. மேல சொன்ன மாதிரி விழறதுக்கு உகேமின்னு பேரு, இலக்கணத்துலயும் உகேமின்னு ஒண்ணு இருக்கு போல, ஆப் என்ன சொல்லிச்சுன்னா "உங்கள் மகனின் செயப்பாட்டு வினை முன்னேறியுள்ளது". வீட்ல இன்னும் அப்படித்தான் சொல்றோம்.

இந்த கிளாஸ நான் விடாம இருக்கறதுக்கு காரணம் ஜனவரி. கன்கேய்கோன்னு குளிர்கால ப்ராக்டிஸ், காலைல ஆறு மணிக்கு, தொடர்ந்து அஞ்சு நாள், ஜன்னல தொறந்து வெச்சிட்டு. ஹீட்டர் கெடையாது, பெத்தவங்களுக்கு சேர் கெடையாது, நான் ரெண்டு சாக்ஸ் போட்டுட்டு ஓரமா நடுங்கிட்டு நிப்பேன், பசங்க வெறுங்கால்ல ஆவி பறக்க உருண்டுட்டு இருக்கும். அஞ்சாவது நாள் ககாமி பிராகின்னு புது வருஷ சடங்கு, மோச்சிங்கற அரிசி கேக்க போட்டு சிவப்பு பயறுல இனிப்பா ஒஷிருகோ குடுப்பாங்க. சுத்த வெஜ், நம்ம ஆளுங்க மொதல்ல கேக்கறது அதுதான்னு எனக்குத் தெரியும். கொழுக்கட்டை மாவ ஜவ்வு மாதிரி இழுத்து பயத்தம் பாயசத்துல போட்ட மாதிரி இருக்கும், தொண்டைல அடைக்கும்னு சின்னப் பசங்களுக்கு சென்செய்யே கத்தரிக்கோலால வெட்டிக் குடுப்பாரு.

அத முடிச்சிட்டு அந்த வருஷம் புதுசா சேந்த குடும்பங்கள மட்டும் மெட்ரோல இனாரிச்சோ கூட்டிட்டுப் போவாரு, நிஹோம்பாஷில மாறி கின்சா லைன். ஸ்டேஷன் பக்கத்துல எய்ஷோஜின்னு ஒரு கோயில், வாசல்ல கல்லு நட்டிருக்காங்க. 1882ல கானோ இங்கதான் கோடோகான்ங்கற மொத ஜூடோ பள்ளிய ஆரம்பிச்சாரு, வயசு 21, 12 பாய் விரிக்கற எடம், 9 பேரு ஸ்டூடன்ட். பன்னண்டு பாய்னா சுமாரா 200 சதுர அடி, எங்க அபார்ட்மென்ட் ஹாலும் கிச்சனும் சேத்த மாதிரி. பசங்க போட்ட ஆட்டத்துல தரைப்பலகை ஒடையுமாம், கானோ ராத்திரி விளக்கப் புடிச்சிட்டு அடியில தவழ்ந்து போய் சரி பண்ணுவாராம், கோயில் மாடத்துல செத்தவங்க பேர் எழுதி வெச்சிருந்த பலகை எல்லாம் கவுந்து விழுதுன்னு குருக்கள் சத்தம் போட்டாராம். சென்செய் இத சொல்றப்போ பசங்க எல்லாம் என் பையனத் திரும்பிப் பாத்தாங்க. இன்னிக்கு கோடோகான் இருக்கறது டோக்கியோலயே காசுகாங்கற எடத்துல, மெயின் ஹால் மட்டும் 420 பாய், அங்கயும் ஒரு நாள் மேல் மாடத்துல இருந்து பாத்தோம், பிரம்மாண்டம். ஆனா எனக்கு மனசுல நிக்கறது அந்த கல்லுதான்.

பெரிய ஆள ஜெயிக்க முடியாம லைப்ரரில மேல்நாட்டு மல்யுத்த புக்ஸ எல்லாம் பொரட்டி கானோ கண்டுபுடிச்ச கதா குருமா, அதாங்க தோள்ல மூட்டை மாதிரி தூக்கிப் போடறது, அத இந்த வருஷம்தான் பெரிய பசங்களுக்கு ஆரம்பிச்சிருக்காங்க. எங்க வாலு இன்னும் ஒசோதோகாரிலயே, அதாவது கால வாரி விழ வைக்கறதுலயே இருக்கான்.

செலவு பெருசா இல்ல, மாசக் கட்டணம் நீச்சல் கிளாஸ விட கம்மி, இன்சூரன்ஸ் தனி. ட்ரெஸ் விஷயத்துல நான் ஏமாந்தேன். ஆன்லைன்ல மலிவா ஒண்ணு வாங்கி சுடுதண்ணில தொவச்சு ட்ரையர்ல போட்டேன், கை முட்டி கிட்ட வந்து நின்னுடுச்சு. பருத்தி, சுருங்கும், ஒரு சைஸ் பெருசாவே வாங்குங்க. முதுகுல பேர் எழுதின துணி தைக்கணும், வெளிநாட்டுப் பேருக்கு எழுதற கதகானா எழுத்துல நம்ம பேரு ரயில் பெட்டி மாதிரி நீளும், ரெண்டு வரி ஆனா சின்னதா போச்சுன்னு பசங்க அழுவாங்க.

அஞ்சுக்கு நாலு ஸ்டார், ஒண்ணு கொறச்சது அந்த நோட்டீஸுக்காகவும் சேருக்காகவும். மெடல் மெடல்னு ஓடற வீட்டுக்கு இது சரிப்படாது, போட்டிக்கு வருஷத்துல ஒரு தடவதான் அனுப்பறாங்க. ஏப்ரல்ல புதுசா சேப்பாங்க, ரெண்டு ட்ரயல் கிளாஸ் ஃப்ரீ. கால் நகத்த வெட்டிட்டு கூட்டிட்டுப் போங்க, வாசல்லயே குனிஞ்சு பாப்பாரு.