ஸ்பிட்ஃபயரா, பிஎஃப் 109ஆ: பழக எது நல்லது?

வார் தண்டர் என்ற போர் வீடியோ கேமில் ஒரே விமானத்தை எடுத்து உருப்படியாகப் பழக நினைப்பவர்கள் பலர் தயங்குவது இந்த இரண்டுக்கு நடுவில்தான். பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் மார்க் 1, ஜெர்மனியின் பிஎஃப் 109 இ-3. இரண்டும் 1940 பிரிட்டன் வான்போரில் நேருக்கு நேர் மோதியவை.

திரும்புதல்: ஸ்பிட்ஃபயர் சின்ன வட்டத்தில் திரும்பும், தவறினாலும் தப்பிக்க வழி கிடைக்கும்.
109இல் அந்தச் சலுகை கிடையாது. உயரத்தைச் சேர்த்துவைத்துத்தான் தாக்க வேண்டும்.

பாய்ச்சல்: 109இன் இன்ஜினுக்கு எரிபொருள் நேரடியாகப் பீய்ச்சப்படுவதால் மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தலாம்.
ஸ்பிட்ஃபயரின் மெர்லின் இன்ஜின் கார்புரேட்டரால் அப்போது திணறும். தலைகீழாகப் புரட்டிவிட்டுத்தான் பாய வேண்டும்.

ஆயுதம்: ஸ்பிட்ஃபயரில் 8 இயந்திரத் துப்பாக்கிகள், குறி கொஞ்சம் பிசகினாலும் சில குண்டுகளாவது படும்.
109இன் இரண்டு 20 மிமீ பீரங்கிகளில் தலா 60 குண்டுகள்தான். விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் சில நொடிகளில் காலி. நெருங்கும்வரை பொறுக்கும் பழக்கம் இப்படித்தான் வரும், அதனாலேயே எனக்கு இதன்மேல் தனி மரியாதை.

முதல் சில வாரங்கள், திரும்பிச் சண்டையிடப் பழக: ஸ்பிட்ஃபயர். அடிப்படை கைவந்த பிறகும் தோற்றுக்கொண்டே இருக்கிறீர்களா? அப்புறம் 109தான், வேறு யோசனை வேண்டாம்.