பத்து நாள் விபஸ்ஸனா முகாம்: பாட்டு சொல்லித் தருபவளின் அனுபவம்

22 வருடமாகப் பாட்டு சொல்லித் தருகிறேன். சாதகம் செய்யாத நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் விபஸ்ஸனா தியான முகாமுக்கு விண்ணப்பித்தபோது, விடிகாலை நான்கு மணிக்கு எழுவதோ, நாளுக்குப் பத்து மணி நேரம் உட்காருவதோ எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் பயம். வந்து சேர்ந்த மாலையே தொடங்கும் மௌனம் பத்தாம் நாள் காலையில்தான் முடிகிறது. சைகையும் கூடாது. ஜபம், பாட்டு, எழுத்து எதுவும் கிடையாது.

முதல் மூன்று நாள் ஆனாபானா. மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் மூக்கருகே கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். அதை ஒழுங்குபடுத்தக் கூடாது. மூச்சை அளந்து அளந்தே பழகிய எனக்கு இதைவிடக் கடினமான பாடம் இல்லை. கவனம் மூச்சின் மேல் போனதுமே அது நீண்டு, சீராகி, பாட்டுக்குத் தயாராகிவிடும். இரண்டாம் நாள் மாலை, களைத்துப்போய் விட்டுவிட்ட ஒரு நேரத்தில், அது தானாகவே வந்து போய்க்கொண்டிருந்தது. என் குரல் மொத்தமும் இதன் மேல்தானே நிற்கிறது, இதை நான் சம்பாதிக்கவே இல்லையே என்று தோன்றியது. கண்ணீர் வந்துவிட்டது.

நான்காம் நாள் விபஸ்ஸனா தொடங்கும். தலை முதல் கால் வரை உடம்பில் எழும் உணர்வுகளை, பிடித்து வைக்காமலும் தள்ளிவிடாமலும் பார்த்துப் போக வேண்டும். தினமும் மூன்று அமர்வுகளில் ஒரு மணி நேரம் அசையாமல் இருக்கச் சொல்வார்கள். முழங்கால் வலித்தது, பழகிக்கொண்டேன்.

பழக்கிக்கொள்ள முடியாதது பக்கத்து இருக்கை இருமல். தொண்டையைச் செருமிச் செருமிப் புண்ணாக்கிக்கொள்ளும் வகை அது, கேட்டதுமே தெரிந்தது. என் மாணவிகள் எத்தனையோ பேருக்குச் சரி செய்திருக்கிறேன். சொல்லியாக வேண்டும் என்று நாக்கு துடித்தது. நான்கு நாள் அந்தத் துடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் அந்தப் பெண் மேல் அக்கறை கொஞ்சம்தான். எனக்குத் தெரியும் என்று காட்டும் ஆசைதான் மிச்சமெல்லாம். பத்தாம் நாள் பேச்சு திறந்ததும் அவரே வந்து, "உங்களுக்கு ரொம்பத் தொந்தரவா இருந்திருக்கும், மன்னிச்சுக்கோங்க" என்றார். மருந்து எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மகனைப் பற்றிப் பேசினார், கேட்டுக்கொண்டிருந்தேன்.

போதனைகள், இந்த முகாம்களின் ஆசிரியர் எஸ். என். கோயங்காவின் பதிவு செய்த குரலில் வருகின்றன. அவர் மறைந்தது 2013-இல். விடிகாலையில் அவர் இழுத்து இழுத்து ஓதுவதை முதல் இரண்டு நாள் சுருதி பார்த்தே கேட்டேன். அப்புறம் அது நின்றுவிட்டது. பர்மாவில் அரசுக் கணக்குத் துறையின் உயர் அதிகாரியாக இருந்துகொண்டே தியானம் கற்பித்த சாயாஜி ஊ பா கின்னிடம் இவர் கற்றார். 1969-இல் இந்தியா வந்து கற்பிக்கத் தொடங்கினார். கற்றதைத் தன் சொத்தாக வைத்துக்கொள்ளாமல், விலையும் வைக்காமல், அப்படியே கைமாற்றிவிட்டுப் போன குரல் அது.

கட்டணம் கிடையாது, தங்கவும் சாப்பிடவும்கூட. ஒரு பத்து நாள் முகாமையாவது முடித்தவர்களிடம் மட்டும்தான் நன்கொடை வாங்குகிறார்கள். எனக்கு முன் யாரோ முடித்துவிட்டுக் கொடுத்துப்போனதில் நான் உட்கார்ந்தேன். கழிவறை கழுவியவர்களும் ஊதியம் வாங்காத பழைய மாணவர்கள்தான். கதவைச் சத்தமில்லாமல் சாத்துவதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட கவனத்தை எந்த மேடையிலும் நான் பார்த்ததில்லை.

எல்லோருக்கும் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு, விண்ணப்பத்திலும் மறைக்காமல் எழுதுங்கள். பாதியில் கிளம்பிவிடலாம் என்ற எண்ணத்தோடும் போகாதீர்கள்.

திரும்பி வந்த அன்று குரல் கரகரத்தது. வகுப்பில் ஒரு சின்னப் பெண் தப்பாகப் பாடினாள். வழக்கமாக அவள் முடிக்கும் முன்பே நான் பாடிக் காட்டிவிடுவேன். அன்று அவள் முடிக்கும்வரை காத்திருந்தேன். இரண்டாம் முறை அவளே திருத்திக்கொண்டாள்.

அடுத்த முகாமில் சேவை செய்ய விண்ணப்பித்திருக்கிறேன். விடிகாலை மணி அடிக்கும் வேலை கிடைத்தால் சந்தோஷம்.