யுகே கேர் விசான்னு 6,80,000 ரூபாய் போச்சு. வழி மூடப் போகுதுன்னு தெரிஞ்சே வாங்கியிருக்காங்க

முதல்ல தொகையைச் சொல்லிடுறேன். 6,80,000 ரூபாய். யுகேவுல கேர் அசிஸ்டெண்ட் வேலை, அதாவது வயசானவங்க, நோயாளிங்களைப் பார்த்துக்கிற வேலை. அங்க வேலை கொடுக்கிற முதலாளி, அதாவது ஸ்பான்சர், தர்ற ஸ்பான்சர்ஷிப் சர்டிபிகேட்டோட விசா வாங்கித் தர்றோம்னு சொல்லி மூணு தவணையா வாங்குனாங்க. வந்த சர்டிபிகேட் போலி. வெளிநாட்டுல இருந்து புதுசா கேர் வேலைக்கு ஆள் எடுக்குற அந்த வழியையே யுகே அரசாங்கம் 2025 ஜூலை 22ல மூடிடுச்சு. மூடப் போறாங்கன்னு தெரிஞ்சுகிட்டே ஜூலை 11ஆம் தேதி என்கிட்ட 4 லட்சம் வாங்கியிருக்காங்க. நேத்து ராத்திரி என் நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க. எங்க வீட்டுக்காரர் நம்பரையும்தான். கை நடுங்குது, ஆனா இன்னிக்கே எழுதலைன்னா எழுத மாட்டேன். எப்படி தப்பிக்கலாம்னு கடைசில விவரமா எழுதுறேன், முதல்ல நடந்ததைப் படிங்க.

பேர் போடலை. புகார் கொடுத்திருக்கோம், இப்போதைக்குப் போட வேண்டாம்னு வக்கீல் சொல்லிட்டாரு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல மாடியில இருக்கிற ஒரு வெளிநாட்டு வேலை கன்சல்டன்சின்னு வச்சுக்கோங்க. அதோட அவங்களே நடத்துற ஒரு வீடியோ சேனல். விசா விதி எது மாறினாலும் ரெண்டு நாள்ல தமிழ்ல வீடியோ போட்டுடுவாங்க. நான் போய் விழுந்தது ஆபீஸைப் பார்த்து இல்ல, அந்த சேனலைப் பார்த்துத்தான்.

நான் ஜி.என்.எம். முடிச்ச நர்ஸ். ஒன்பது வருஷமா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில வேலை, சம்பளம் 16,000. நர்ஸாவே யுகே போகணும்னா ஐ.இ.எல்.டி.எஸ்.ங்கிற இங்கிலீஷ் தேர்வுல ரைட்டிங் தவிர மத்த மூணுலயும் 7 வேணும், அப்புறம் யுகே நர்சிங் கவுன்சில் வைக்கிற கம்ப்யூட்டர் தேர்வு, அங்க போனதும் செய்முறைத் தேர்வு. எனக்கு ஸ்பீக்கிங்ல ரெண்டு தடவையும் 6தான் வந்துச்சு. கேர் வேலைக்கு அந்த அளவு மார்க் வேண்டாம், முதல்ல போயிடலாம், அங்க இருந்துகிட்டே நர்ஸ் தேர்வு எழுதலாம்னு நினைச்சேன். என் கூட படிச்ச ரெண்டு பேர் 2023ல அப்படித்தான் போனாங்க.

ஒரு வருஷத்துக்கு மேல அந்த சேனலைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். 2024 மார்ச் 11ல இருந்து கேர் வேலைக்குப் போறவங்க கணவன், பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போக முடியாதுன்னு சொன்னாங்க. சரியாத்தான் சொன்னாங்க. 2025 ஏப்ரல் 9ல இருந்து குறைஞ்சபட்சச் சம்பளம் வருஷத்துக்கு 23,200 பவுண்டுல இருந்து 25,000 பவுண்டு ஆகுதுன்னாங்க. அதுவும் சரி. இப்படி ஒவ்வொண்ணும் சரியா இருக்க இருக்க, இவங்களுக்குத் தெரியாத விதியே இல்லன்னு எனக்குள்ள பதிஞ்சு போச்சு. அதே ஏப்ரல் 9ல இன்னொரு விதியும் வந்திருக்கு. ஸ்பான்சரை இழந்து யுகேவுலயே வேலை தேடிக்கிட்டு இருக்கிற கேர் ஊழியர்களை எடுக்க முயற்சி பண்ணிட்டுத்தான் வெளிநாட்டுல இருந்து ஆள் எடுக்கணும்னு. அதாவது அப்பவே எங்களை மாதிரி இங்க இருக்கிறவங்களுக்குக் கதவு முக்கால்வாசி சாத்தியாச்சு. அதை அந்த வீடியோவுல சொல்லவே இல்ல. சம்பளம் கூடுன நல்ல சேதியை மட்டும் சொன்னாங்க.

மார்ச்ல பதிவுக் கட்டணம்னு 50,000 கட்டினேன். மே மாசம் வீடியோ கால்ல இன்டர்வியூ. அந்தப் பக்கம் கேமரா ஆஃப். ஒரு ஆம்பளைக் குரல், நல்ல இங்கிலீஷ். படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்குப் படுக்கைப்புண் வராம எப்படிப் பார்த்துக்குவீங்கன்னு கேட்டாரு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும், குதிகால், இடுப்பெலும்புப் பக்கம் தோல் சிவந்திருக்கான்னு பார்க்கணும், விரிப்பு சுருங்காம இழுத்து விடணும்னு நான் தினம் பண்றதை அப்படியே சொன்னேன். 'எக்ஸலண்ட் சிஸ்டர்'னாரு. அன்னிக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா? அந்த சந்தோஷத்துக்கு மறுநாள் 2,30,000 கட்டினேன். பேசினது யாரு, எங்க உட்கார்ந்து பேசினாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

மே 12ஆம் தேதி யுகே அரசாங்கம் வெள்ளை அறிக்கை விட்டுச்சு, வெளிநாட்டுல இருந்து கேர் ஊழியர் எடுக்கிறதை நிறுத்தப் போறோம்னு. நான் பதறிப்போய் ஆபீஸுக்கு ஓடினேன். அப்பாவும் என் பொண்ணு பாப்பாவும் கூட வந்தாங்க. கன்சல்டன்சியும் சேனலும் நடத்துற சார் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அப்பா பக்கம் நகர்த்திப் போட்டு, 'ஐயா நீங்க உட்காருங்க'ன்னாரு. டீ சொன்னாரு. பாப்பா அழுதா, மேசையில இருந்த பேனாவை எடுத்து அவ கையில கொடுத்தாரு. அப்புறம் என்கிட்ட, 'அக்கா, வெள்ளை அறிக்கைங்கிறது சட்டம் இல்ல. விதி மாறணும்னா தனியா பார்லிமெண்ட்ல வைக்கணும். வச்சா முதல்ல சொல்றவன் நானாத்தான் இருப்பேன்'னாரு.

அந்த வார்த்தையைத்தான் நம்பினேன். அது பொய் கூட இல்ல. வெள்ளை அறிக்கை சட்டம் இல்லதான். விதி மாறினா முதல்ல சொல்றேன்னாரே, அதுலதான் என் கழுத்தை அறுத்தாரு.

ஜூலை 1ஆம் தேதி விதி மாற்றத்தைப் பார்லிமெண்ட்ல வச்சுட்டாங்க. 22ல இருந்து அமல்னு அதுலயே எழுதியிருக்கு. சேனல்ல ஒரு வார்த்தை வரலை. போன வாரம் ராத்திரி உட்கார்ந்து அவங்க வீடியோ லிஸ்டை ஒவ்வொண்ணா தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஜூன் 28ல ஒரு வீடியோ, இன்டர்வியூவுக்கு எப்படிப் பேசணும்னு. அடுத்தது ஜூலை 24. நடுவுல 26 நாள் ஒண்ணுமே இல்ல. அதுக்கு முன்னாடி ஒரு வாரம் கூட விட்டதில்ல. அந்த 26 நாளுக்குள்ளதான் என்னை மாதிரி ஆளுங்களுக்குத் தனித்தனியா போன் வந்திருக்கு.

எனக்கு ஜூலை 9 சாயங்காலம் வந்துச்சு. 'அக்கா, உங்க சர்டிபிகேட் ரெடி. ஸ்பான்சர் ரிலீஸ் பண்ண 4 லட்சம் கட்டணும். வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டலைன்னா லிஸ்ட்ல அடுத்தவங்களுக்குப் போயிடும்.' ஏன் இவ்வளவு அவசரம்னு கேட்டேன். ஸ்பான்சருக்குக் கோட்டா முடியுதுன்னாரு. பாப்பாவை எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு கேட்டேன். 'சீனியர் கேர் வொர்க்கர்னு போட்டிருக்கோம், அவங்களுக்குக் குடும்பம் வரலாம்'னாரு. 2024 மார்ச் விதி சாதா கேர் வொர்க்கர், சீனியர் ரெண்டுக்கும் சேர்த்துத்தான். இது எனக்கு இப்பத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில அம்மா செயினும் என் வளையலும் அடகுக்குப் போச்சு. நகை மதிப்பீட்டாளர் உரைகல்லுல செயினை ஒரு இழு இழுத்துட்டு, கொக்கியைத் திருப்பிப் பார்த்து, 'பழைய நகைம்மா, பத்திரமா மீட்டுடுங்க'ன்னு சொல்லி எடை போட்டாரு. அம்மா அந்தப் பக்கமே பார்க்கலை. மீதிக்கு என் நாத்தனார் வீட்டுக்காரர்கிட்ட கைமாத்து. மதியம் ரெண்டு மணிக்கு 4 லட்சமும் அனுப்பியாச்சு. கம்பெனி கணக்குக்கு இல்ல, ஒரு தனி ஆள் கணக்குக்கு. 'ஆடிட்டர் அக்கவுண்ட்'னு சொன்னாங்க. ரசீதுல 'பைல் பிராசஸிங்'னு மட்டும் இருக்கு, தொகை இருக்கு, விசான்னு ஒரு வார்த்தை இல்ல.

19ஆம் தேதி வாட்ஸ்அப்ல ஒரு பிடிஎஃப் வந்துச்சு. ஓரத்துல பார்டர், நடுவுல கிரீடம் போட்ட முத்திரை, கீழ ஒரு கையெழுத்து. உண்மையான ஸ்பான்சர்ஷிப் சர்டிபிகேட்ங்கிறது முத்திரை குத்தின காகிதமே இல்ல. ஸ்பான்சர் ஆன்லைன்ல பதியிற ஒரு விவரத் தொகுப்பு, அதுக்கு ஒரு ரெஃபரன்ஸ் நம்பர், நமக்கு வேண்டியது அந்த நம்பர்தான். அப்ப எனக்கு இது தெரியாது. ஆனா சம்பளம்னு போட்ட இடத்துல 23,200 பவுண்டுன்னு இருந்துச்சு. 25,000 ஆயிடுச்சுன்னு ஏப்ரல்ல இவங்க வீடியோவுலயே கேட்டது ஞாபகம் வந்துச்சு. போன் போட்டுக் கேட்டா, 'அது பிடித்தம் போக கைக்கு வர்ற தொகை, அக்கா'ன்னாரு. எனக்கு வயித்துல ஏதோ பண்ணுச்சு.

பிடிஎஃப்ல ஸ்பான்சர்னு போட்டிருந்த கேர் ஹோம் பேர் நிஜம். யுகே அரசாங்கத்தோட ஸ்பான்சர் லிஸ்ட்லயும் இருக்கு, இங்கிலாந்துல கேர் ஹோம்களைக் கண்காணிக்கிற கமிஷனோட தளத்துலயும் இருக்கு. அவங்க சைட்டுல இருந்த மெயிலுக்கு நானே எழுதினேன், மூணு தடவை திருத்தி. நாலாம் நாள் பதில் வந்துச்சு, ரெண்டே வரி. உங்க பேர்ல நாங்க எதுவும் கொடுக்கலை, வெளிநாட்டு ஏஜென்ட் யாரையும் நாங்க வச்சுக்கலை, இதை விசாவைப் பார்த்துக்கிற யுகே உள்துறைக்கு, அதாவது ஹோம் ஆபீஸுக்குத் தெரிவிக்கிறோம்னு. அதைப் படிக்கும்போது நான் நைட் டியூட்டியில இருந்தேன். ஒரு தாத்தாவுக்கு டிரிப் மாத்த வேண்டிய நேரம். மாத்திட்டு வந்து மறுபடி படிச்சேன்.

அதுக்கு அப்புறம் நடந்ததைச் சொல்லவே வெறுப்பா இருக்கு. முதல் வாரம், 'மெயில் அனுப்புனது தப்புக்கா, உங்களாலதான் ஸ்பான்சர் கோவிச்சுக்கிட்டான்'னாங்க. என் மேலயே பழி. அடுத்து, அந்த பிடிஎஃப்பை வச்சே விசா அப்ளை பண்ணுங்க, எதுவும் ஆகாதுன்னாங்க. நல்லவேளையா எங்க வீட்டுக்காரர் வேண்டவே வேண்டாம்னு நின்னுட்டாரு. போலி ஆவணம் வச்சு அப்ளை பண்ணி மாட்டினா பத்து வருஷம் யுகே பக்கமே போக முடியாது. நர்ஸா போற வழி இன்னும் திறந்துதான் இருக்கு, அதுவும் எனக்கு அடைஞ்சு போயிருக்கும். பணம் வாங்கினது பத்தாதுன்னு என் பேரையும் அழிக்கப் பார்த்தாங்களே, அதை நினைச்சாத்தான் தாங்க முடியலை.

ஆகஸ்ட்ல பணத்தைத் திருப்பிக் கேட்டேன். சார் ஊர்ல இல்ல. சார் மீட்டிங். அக்கவுண்ட்ஸ் பொண்ணு லீவு. 90 வேலை நாள் ஆகும். சர்வீஸ் சார்ஜ் போக 1,20,000 வேணா தரலாம், ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போடுங்க. அந்தப் பேப்பரை வாங்கிப் படிச்சா, 'எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை, எந்தப் புகாரும் கொடுக்க மாட்டேன்'னு எழுதியிருக்கு. கையெழுத்துப் போடலை. நேர்ல போனோம். அப்பாவுக்கு நாற்காலி நகர்த்திப் போட்டவரு, உள்ள ரூம்ல உட்கார்ந்துகிட்டே 'இல்லைன்னு சொல்லு'ன்னு சொன்னது வெளிய கேட்டுச்சு. அப்பா ரெண்டரை மணி நேரம் படிக்கட்டுலயே உட்கார்ந்திருந்தாரு. அவருக்கு சுகர் இருக்கு.

ஜூலை 24 வீடியோவைப் பத்திச் சொன்னேனே. 'யுகே கேர் விசா முடிஞ்சது, இனி ஜெர்மனிதான்.' அதே சட்டை, அதே மேசை. ஜூலை 1ல வந்த விதியை அன்னிக்குத்தான் புதுச்சேதி மாதிரிச் சொல்றாரு. கீழ எத்தனை பேர் நம்பர் கொடுத்து 'சார் டீடெயில்ஸ்'னு கேட்டிருக்காங்க தெரியுமா? அதுல பாதிப் பேர் நர்ஸுங்க.

எனக்கு 6,80,000 ரூபாய் போச்சு. இப்ப இருக்கிற சம்பளத்துல மூணரை வருஷம் ஒரு ரூபா செலவு பண்ணாம சேர்த்தாத்தான் அது வரும். நகை வட்டி தனியா ஓடுது. விசாவுக்காக எடுத்த டிபி டெஸ்ட் சர்டிபிகேட் ஆறு மாசம்தான் செல்லும், அதுவும் காலாவதியாகப் போகுது.

என்ன பண்ணணும்னு எழுதுறேன்னு சொன்னேன். பாப்பா எழுந்துட்டா, டியூட்டிக்கும் கிளம்பணும், சுருக்கமாச் சொல்றேன். விதி மாறுச்சான்னு யார் வீடியோவும் பார்க்காதீங்க, யுகே அரசாங்கத்தோட கவ் டாட் யுகே தளத்துல நீங்களே பாருங்க. 'ஸ்டேட்மெண்ட் ஆஃப் சேஞ்சஸ்'னு தேடினா எந்தத் தேதி வச்சாங்க, எந்தத் தேதி அமல்னு இருக்கும். நம்ம ஊர் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட் பதிவு பண்ணியிருக்கணும், மத்திய அரசோட இ-மைக்ரேட் தளத்துல லிஸ்ட் இருக்கு. பதிவு பண்ணினவங்களே 30,000 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், மொத்தம் 35,400. அதுக்கு மேல கேட்டா எழுந்து வந்துடுங்க. ஸ்பான்சர்ஷிப் சர்டிபிகேட்டுக்குக் கட்டணம் 2025ல 525 பவுண்டு, அதைக் கட்ட வேண்டியது முதலாளி, நம்ம இல்ல. ஸ்பான்சர் லிஸ்ட்ல பேர் இருந்தா மட்டும் போதாது, அந்த ஹோமுக்கே மெயில் போடுங்க, பணம் கட்டுறதுக்கு முன்னாடி. ஏமாந்துட்டோம்னு தெரிஞ்ச அன்னிக்கே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் பண்ணுங்க. நான் ரெண்டு வாரம் அவங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு இருந்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த சேனல்ல ஜெர்மனி நர்சிங் லைவ்னு போட்டிருக்காங்க. அதுல உங்க அக்காவோ தங்கச்சியோ பேர் கொடுத்திருந்தா, இதைப் படிக்கச் சொல்லுங்க. பணம் கட்ட வெள்ளிக்கிழமைன்னு சொல்லியிருந்தா இன்னிக்கே சொல்லுங்க.