டோர்பெல் என் வாசல்ல, அட்மின் வேற ஒருத்தர் போன்ல

கேமரா, ஸ்மார்ட் டோர்பெல் மாட்டுற ஐடியால இருக்கீங்கன்னா இதைப் படிச்சிட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க. நான் குடுத்துட்டுத்தான் முழிச்சேன்.

என் தேவை சிம்பிள். வீட்டுல ஏற்கனவே ஹோம் அசிஸ்டன்ட் (எல்லா ஸ்மார்ட் சாமானையும் ஒரே இடத்துலேருந்து ஓட்டுற சாஃப்ட்வேர்) ஓடுது, லைட்டு ஃபேன் எல்லாம் அதுலதான். பெல் அடிச்சா ஹால் டிவில வாசல் தெரியணும், ராத்திரி ஆள் நடமாட்டம் இருந்தா வெளி லைட் எரியணும், அவ்ளோதான். இன்ஸ்டாலர்கிட்ட முதல் நாளே இதைச் சொன்னேன். "அதெல்லாம் ஈஸியா கனெக்ட் ஆகும் சார், நிறைய பண்ணியிருக்கோம்"னாரு. ஒரு டோர்பெல், மூணு கேமரா, ஒரே நாள்ல மாட்டி ஆப்ல படம் காட்டிட்டு பணத்தை வாங்கிட்டுக் கிளம்பிட்டாரு, நானும் ஆப்ல படம் வந்த சந்தோஷத்துல தலையாட்டிட்டேன்.

ராத்திரி உக்காந்து கனெக்ட் பண்ணப் பாத்தா டோர்பெல்லே கதை முடிஞ்சுது. அது பேட்டரி மாடல். சார்ஜ் மிச்சம் பிடிக்க அது எப்பவும் தூங்கிட்டேதான் இருக்கும், பட்டன் அமுக்கினா முழிச்சு, வைஃபை பிடிச்சு, கம்பெனி சர்வருக்குப் போய், அங்கேருந்து நமக்கு அலர்ட் வரும். அதுக்குள்ள வந்தவர் கேட்டைத் தாண்டியிருப்பாரு, அவர் முதுகைத்தான் நான் டிவில பாக்கணும். ஆர்டிஎஸ்பி ஸ்ட்ரீமும், அதாவது கம்பெனி சர்வர் இல்லாம வீட்டு நெட்வொர்க்லயே நேரா வீடியோ எடுக்கற வழியும், அதுல இல்ல. யாரோ புண்ணியவான் ஆப்பை நோண்டி எழுதின இன்டகிரேஷன் (ஹோம் அசிஸ்டன்ட்டோட இணைக்கிற புரோகிராம்) ஒண்ணு கிடைச்சுது, கம்பெனி சர்வர்ல ஏதாவது மாத்தினா அது படுத்துடும், ஒரு மாசத்துல ரெண்டு தடவை படுத்துச்சு.

சரி, கேமராவாவது வரும்னு போனேன். பெட்டில ஆன்விஃப்னு (எந்தக் கம்பெனி கேமராவும் மத்த சாஃப்ட்வேரோட பேசறதுக்கான பொது முறை) பெருசா போட்டிருந்துச்சு, ஆனா அதை ஆன் பண்ற மெனுவே என் ஆப்ல வரல. தேடிப் பாத்தா நான் வெறும் ஷேர்டு யூசர், ஓனர் அக்கவுண்ட் அந்த இன்ஸ்டாலரோடது! போன் பண்ணிக் கேட்டா கூலா சொல்றாரு, "எல்லா கஸ்டமருக்கும் இப்படித்தான் சார், ஏதாவது பிரச்சினைன்னா நாங்க இங்கேருந்தே பாத்துடலாம்ல". பாத்துடலாமாம்! ஹால் கேமராவுக்கு நேர் எதிர்லதான் எங்கம்மா மத்தியானம் தலை காயவச்சிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அவர் பாத்தாருன்னு நான் சொல்லல, ஆனா பாக்கணும்னு நெனச்சா தடுக்க என்கிட்ட எதுவுமே இல்ல. அன்னிக்கே அந்தக் கேமரா மேல ஒரு துண்டைப் போட்டு மூடினேன்.

ரீசெட் பண்ணிக்கலாமேன்னு கேப்பீங்க. ஊசியை விட்டு பட்டனை அமுக்கிப் பிடிச்சேன், டொய்ங்னு சத்தம் வந்துச்சு, திரும்ப ஆட் பண்ணப் போனா "இந்த டிவைஸ் வேற அக்கவுண்ட்ல இருக்கு"ன்னு சொல்லி பாதி நட்சத்திரக் குறி போட்ட மெயில் ஐடி ஒண்ணைக் காட்டுது, முதல் மூணு எழுத்து அவர் கடைப் பேரு. இந்த மாதிரி மாடல்ல ரீசெட் பண்ணாலும் பழைய ஓனர் அன்பைண்ட் பண்ணாம, அதாவது தன் அக்கவுண்ட்லேருந்து எடுத்து விடாம, நம்மளைச் சேர விடாது, திருட்டுப் போனா உதவும்னு வச்ச பூட்டு. இங்க பூட்டினது யாரு பாருங்க.

அதோட விட்டாரா? ரவுட்டரைத் திறந்தா 554 போர்ட்டை, அதாவது கேமரா வீடியோ வர்ற வழியை, இன்டர்நெட்ல யாரு வேணா தட்டலாம்னு வெளிய ஃபார்வர்ட் பண்ணி வச்சிருக்காரு, கேமரா யூசர் அட்மின், பாஸ்வேர்டு 123456. 2016ல மிராய்னு ஒரு மால்வேர் பரவினதே இப்படிப்பட்ட டிஃபால்ட் பாஸ்வேர்டு கேமராவையும் டிவிஆரையும் பிடிச்சுத்தான், அந்த வருஷம் அக்டோபர்ல டைன் (Dyn)னு ஒரு டிஎன்எஸ் கம்பெனியை (சைட் பேரை வச்சு அதோட அட்ரஸைக் கண்டுபிடிச்சுக் குடுக்கற கம்பெனி) அடிச்சதுல ட்விட்டர் உள்பட பெரிய பெரிய சைட்டெல்லாம் படுத்துச்சு. போர்ட்டை உடனே மூடிட்டேன், டிவைஸ் தானாவே போர்ட் திறந்துக்க விடுற யுபிஎன்பியும் ஆஃப், வெளிய இருந்து பாக்கணும்னா இப்ப விபிஎன் (வீட்டு நெட்வொர்க்குக்குப் பூட்டின தனி வழி) வழியாத்தான்.

மூணு வாரம் துரத்தினப்புறம் மூணு கேமராவையும் அன்பைண்ட் பண்ணிக் குடுத்தாரு. என் அக்கவுண்ட்ல ஏத்தி ஆன்விஃப் ஆன் பண்ணதும் நிமிஷத்துல ஹோம் அசிஸ்டன்ட்ல வந்துடுச்சு, அதாவது பொருள்ல கோளாறே இல்ல. பிரௌசர்ல மட்டும் படம் கருப்பா நின்னுச்சு, வீடியோவைச் சுருக்கற முறையை ஹெச்.265ல இருந்து ஹெச்.264க்கு மாத்தினதும் சரியாச்சு.

நீங்க மாட்டினா பணம் எண்ணிக் குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் அவர் கண்ணு முன்னாடியே பண்ணுங்க. லேப்டாப்ல விஎல்சி வீடியோ பிளேயரைத் திறந்து ஆர்டிஎஸ்பி அட்ரஸ் போட்டு ஒவ்வொரு கேமராவும் ஓடுதான்னு பாருங்க, ஓடிக்கிட்டு இருக்கும்போதே ரவுட்டருக்கு வெளியேருந்து வர்ற நெட் வயரைப் பிடுங்குங்க, படம் நிக்கக் கூடாது. ஓனர் அக்கவுண்ட் உங்க மெயில்ல, உங்க கையால முதல்லயே போடுங்க, "நான் போட்டுத் தரேன் சார்"னு போனைக் கேட்டா குடுக்காதீங்க. டோர்பெல்னா வயர்ல கரண்ட் வாங்குறது, முடிஞ்சா லேன் கேபிள்லயே கரண்ட் போற பிஓஇ மாடல்.

பேட்டரி டோர்பெல் மட்டும் இன்னும் அவர் அக்கவுண்ட்லயேதான் இருக்கு, கழட்டி டிராயர்ல போட்டாச்சு. நேத்தும் மெசேஜ் போட்டேன், ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் இல்ல. வாசல்ல இப்ப பழைய பெல் ஸ்விட்ச்தான், அமுக்கின உடனே அடிக்குது.