டர்போ காருக்கு பவர் பாக்ஸா, உயர் ஆக்டேன் பெட்ரோலா?

டர்போ பெட்ரோல் கார் ஓட்டுபவர்கள் பலருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும்: இதே எஞ்சினிலிருந்து இன்னும் கொஞ்சம் இழுவை எடுக்க முடியாதா? முடியும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் (ஈசியூ) மென்பொருளை மாற்றி எழுதும் ரீமேப்பை ஒதுக்கி வைத்தால் சுலபமான வழிகள் இரண்டு. ஒன்று, சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவே செருகும் பவர் மாட்யூல். டியூனிங் பாக்ஸ் என்றும் சொல்வார்கள். இன்னொன்று, காரில் கையே வைக்காமல் ஆக்டேன் எண் கூடிய பெட்ரோலைப் போடுவது. நான் இரண்டையும் அலசிவிட்டு, பாக்ஸ் வேண்டாம், பெட்ரோல் போதும் என்று முடிவு செய்தேன். என்னுடையது நேரடி இன்ஜெக்‌ஷன் உள்ள சிறிய டர்போ எஞ்சின். கியர்பாக்ஸ் உலர் டூயல் கிளட்ச், அதாவது எண்ணெயில் நனையாத இரண்டு கிளட்ச்சுகள் உள்ள ஆட்டோமேட்டிக். அந்த கியர்பாக்ஸ்தான் கடைசியில் என் முடிவைத் தீர்மானித்தது.

டீசல் காரர்களுக்கு இந்த அலசல் பொருந்தாது. அங்கே ஆக்டேனுக்கு வேலையே இல்லை. பாக்ஸும் பெரும்பாலும் எரிபொருளின் அழுத்தத்தை அளக்கும் ரெயில் பிரஷர் சென்சாரைத்தான் பிடிக்கும். டீசலில் பாக்ஸ் போட்ட அனுபவம் எனக்கு இல்லை. அதேபோல ஆக்சிலேட்டர் பெடலில் மாட்டும் பெட்டியையும் விட்டுவிடுகிறேன். அது பாதி மிதித்தால் முக்கால் மிதித்ததாகச் சொல்லும், அவ்வளவுதான். எஞ்சினின் உச்ச சக்தி ஒரு குதிரைத்திறன்கூட ஏறாது.

வெறும் பிக்கப் என்று பார்த்தால் போட்டியே இல்லை, பாக்ஸ்தான் ஜெயிக்கும். நண்பரின் காரில் பாக்ஸைக் கழற்றியும் மாட்டியும் ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது கியரில் நடுத்தர ஆர்பிஎம்மில் மிதித்தால் முதுகு சீட்டில் அழுந்துவது தெளிவாகத் தெரிந்தது. பெட்ரோலை மாற்றினால் அப்படியெல்லாம் தெரியாது.

சரி, பெட்ரோல் அப்படி என்னதான் செய்யும்? ஆக்டேன் கூடினால் பெட்ரோலில் சக்தி கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஆக்டேன் எண் சொல்வது எரிபொருளின் பொறுமையை: அழுத்தமும் சூடும் ஏறும்போது, ஸ்பார்க் பற்றவைத்த தீ வந்து சேர்வதற்குள் தானாக வெடித்துவிடாமல் எவ்வளவு தாங்கும் என்பதை. ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துத்தான் அளவுகோலே அமைந்திருக்கிறது. முந்திக்கொண்டு வெடிப்பதுதான் நாக்கிங். எண்ணைப் படிக்கும்போது எந்த அளவுகோல் என்றும் பார்க்க வேண்டும். ஆர்ஓஎன் என்ற அளவுகோலில் 95 என்று எழுதும் பெட்ரோலை, ஏகேஐ அளவுகோலைப் பின்பற்றும் அமெரிக்காவில் ஏறக்குறைய 91 என்று எழுதுவார்கள். எண்ணை மட்டும் வைத்து ஒரு நாட்டு ஆலோசனையை இன்னொரு நாட்டில் பின்பற்றினால் குழப்பம்தான்.

எஞ்சின் பிளாக்கில் ஒரு நாக் சென்சார் இருக்கும். நாக்கிங்கின் அதிர்வு கேட்டதும் ஈசியூ ஸ்பார்க்கைச் சில டிகிரி தாமதப்படுத்தும். தாமதம் ஆனால் இழுவை குறையும், எக்ஸாஸ்ட் சூடு ஏறும், மைலேஜும் கொஞ்சம் இறங்கும். டர்போ எஞ்சினில் சிலிண்டருக்குள் ஏற்கெனவே அமுக்கிய காற்று போவதால் இந்தத் தொல்லை சீக்கிரம் வரும். நேரடி இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே ஆவியாகிக் காற்றைக் குளிர்விப்பதால், டர்போ இருந்தும் கம்பிரஷன் விகிதத்தை (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதை) 10க்கு மேல் வைக்க முடிகிறது. அதனால் எஞ்சின் எப்போதும் நாக்கிங் எல்லைக்குப் பக்கத்திலேயே வேலை செய்கிறது. ஆக்டேன் கூடும்போது ஈசியூ ஸ்பார்க்கைத் தாமதப்படுத்த வேண்டிய தேவை குறைகிறது. எஞ்சின் வடிவமைத்தவர் நினைத்த சக்தி முழுதாக வருகிறது. புதிதாக எதுவும் சேர்வதில்லை.

அந்த வித்தியாசம் எவ்வளவு என்பது காரைப் பொறுத்தது. மாஸ்டாவின் 2.5 லிட்டர் டர்போ இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்காவில் அந்த நிறுவனமே சாதாரண 87 ஏகேஐ பெட்ரோலுக்கு 227 குதிரைத்திறன், 93க்கு 250 என்று இரண்டு எண்களை அறிவித்தது. எல்லாக் கார்களும் அப்படி இல்லை. அமெரிக்க வாகன ஓட்டிகள் அமைப்பான ஏஏஏ 2017இல், பிரீமியம் 'பரிந்துரைக்கப்படும்' கார்களைச் சோதித்தபோது சராசரியாகக் கிடைத்தது மைலேஜில் 2.7 சதவீதமும் சக்தியில் 1.4 சதவீதமும்தான். அதற்கு முந்தைய ஆண்டு, சாதாரண பெட்ரோலே போதும் என்று சொல்லப்பட்ட கார்களில் சோதித்தபோது சொல்லிக்கொள்ளும்படி எதுவுமே கிடைக்கவில்லை. ஆகவே பெட்ரோல் டேங்க் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை முதலில் படியுங்கள். 'குறைந்தபட்சம் 91, பரிந்துரை 95' என்பதுபோல இரண்டு எண்கள் இருந்தால் மேல் எண்ணைப் போடுவதில் அர்த்தம் உண்டு. ஒரே எண்தான் என்றால், வெயிலில் ஏற்றம் ஏறும்போது நாக்கிங் தென்படாதவரை கூடுதல் காசு வீண்.

என் காரில், ஈசியூவின் எண்களைப் படித்துக் காட்டும் ஓபிடி ரீடரை மாட்டி, ஸ்பார்க் தாமதம் காட்டும் எண்ணைப் பார்த்தபடி பக்கத்து சீட்காரரைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். குறைந்த ஆக்டேனில் நீண்ட ஏற்றத்தில் ஒவ்வொரு சிலிண்டரிலும் மூன்று நான்கு டிகிரி வெட்டிக்கொண்டே இருந்தது. உயர் ஆக்டேன் ஊற்றி, ஈசியூ பழகுவதற்காக டேங்கில் பெரும்பகுதி தீர்ந்த பிறகு அதே ஏற்றத்தில் பார்த்தால், பெரும்பாலும் பூஜ்ஜியம். எப்போதாவது ஒரு டிகிரி. ஸ்டியரிங் பிடித்திருந்த எனக்கு வேகத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆனால் ஏற்றத்தில் கியரை அடிக்கடி இறக்காமல் ஒரே கியரில் நின்று இழுத்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இனி பாக்ஸ். டர்போ அமுக்கித் தரும் காற்றின் அழுத்தத்தை (பூஸ்ட்) அளக்கும் சென்சார் தரும் வோல்டேஜை அது வழியில் பிடித்துக் குறைத்து ஈசியூவுக்கு அனுப்புகிறது. கடைக்காரர் தராசில் சரக்கை நிறுக்கும்போது தட்டை அடியிலிருந்து யாரோ லேசாகத் தூக்கிப் பிடித்தால் முள் குறைவாகக் காட்டும். அவரும் இன்னும் கொஞ்சம் அள்ளிப் போடுவார். அதேதான் இங்கேயும். உண்மையில் பூஸ்ட் 1.2 பார் இருக்கும், ஈசியூவுக்கு 1.0 என்றுதான் தெரியும். பற்றாக்குறை என்று நினைத்து அது டர்போவை இன்னும் சுற்ற விடும்.

பெட்ரோல் அளவைப் பொறுத்தவரை இந்தப் பொய்யால் பெரிய ஆபத்து இல்லை. எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் கலவையில் பெட்ரோல் குறைந்ததைக் கண்டுபிடித்துவிடும், ஈசியூ பெட்ரோலைக் கூட்டிவிடும். சிக்கல் ஸ்பார்க்கில் தொடங்குகிறது. பூஸ்ட் ஏற ஏற ஸ்பார்க்கைத் தாமதப்படுத்த வேண்டும் என்பது அடிப்படை விதி. ஈசியூ 1.0 பாருக்கான டைமிங்கை எடுக்கிறது. சிலிண்டருக்குள் இருப்பதோ 1.2 பாரின் காற்று. அதாவது சுமை கூடிய நேரத்தில் ஸ்பார்க் தேவைக்கு முன்னதாகவே விழுகிறது. கடைசிக் காவலாக இருக்க வேண்டிய நாக் சென்சார் இப்போது தினசரி வேலைக்காரனாகிவிடுகிறது. பாக்ஸ் போட்டவர்கள் உயர் ஆக்டேனைக் கட்டாயம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். பெட்ரோலை மட்டும் நம்பும் என்னால், நல்ல பெட்ரோல் கிடைக்காத இடத்தில் சாதாரணத்தைப் போட்டுக்கொண்டு கிளம்ப முடியும், ஈசியூ பார்த்துக்கொள்ளும். பாக்ஸ் வைத்திருப்பவர் முதலில் பானெட்டைத் திறந்து அதைக் கழற்ற வேண்டும், அல்லது கால் நோகாமல் ஓட்ட வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது இதற்கும் அடுத்த கட்டம். இன்றைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கு எஞ்சின் தரும் டார்க்கை (சுழற்று விசையை) நேரடியாக அளக்கும் கருவி பொதுவாகக் கிடையாது. 'இப்போது இவ்வளவு டார்க் வருகிறது' என்று ஈசியூ கணக்கிட்டுச் சொல்வதை நம்பித்தான் கிளட்ச்சை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கியர்பாக்ஸ் தீர்மானிக்கிறது. ஈசியூவுக்கே காற்றின் அளவு குறைவாகத் தெரிந்தால், அது சொல்லும் டார்க்கும் குறைவு. கியர்பாக்ஸ் அந்தக் குறைந்த எண்ணுக்கு ஏற்ற இறுக்கத்தைத்தான் தரும். வருவது அதைவிட அதிகம். கண்ணுக்குத் தெரியாத அளவில் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். முதலில் சூடாகவும் பிறகு தேய்மானமாகவும் வெளிவரும். எண்ணெயில் நனைந்த கிளட்ச் என்றால் சூட்டை எண்ணெய் எடுத்துக்கொண்டு போகும். உலர் கிளட்ச்சுக்கு அந்த வசதியும் இல்லை.

அதோடு வடிவமைப்பு எல்லை வேறு. வோக்ஸ்வாகன் குழுமத்தின் ஏழு கியர் உலர் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸான டிக்யூ200இன் எல்லை 250 நியூட்டன் மீட்டர். அதோடு வரும் 1.4 டிஎஸ்ஐ எஞ்சினின் 150 குதிரைத்திறன் வகை, பாக்ஸ் எதுவும் இல்லாமலே 250ஐத் தொடுகிறது. அங்கே மிச்சம் வைக்கப்படவில்லை. பாக்ஸ் விளம்பரத்தில் 'கூடுதல் 40 நியூட்டன் மீட்டர்' என்று பார்க்கும்போது, அந்த 40ஐ யார் தாங்கப்போகிறார்கள் என்று கேட்க வேண்டும். எஞ்சின் தாங்கலாம். கிளட்ச் பேக்கை மாற்றும் செலவை நினைத்தால், பாக்ஸின் விலை ஒரு பொருட்டே இல்லை. எண்ணெய் கிளட்ச், வலுவான டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக், மேனுவல் என்று இருந்திருந்தால் நான் இவ்வளவு தயங்கியிருக்க மாட்டேன்.

'உயர் ஆக்டேன் போட்டுவிட்டால் பாக்ஸ் பாதுகாப்பானதுதான்' என்பார்கள். நாக்கிங்கைப் பொறுத்தவரை பெருமளவு சரி. ஆனால் கிளட்ச்சுக்கு ஆக்டேனால் ஒரு நன்மையும் இல்லை. குறைந்த ஆர்பிஎம்மில் அதிகச் சுமை கொடுக்கும்போது ஸ்பார்க்குக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் எல்எஸ்பிஐ என்ற கோளாறுக்கும் ஆக்டேன் பெரிய மருந்தில்லை. அதில் எஞ்சின் ஆயிலுக்குத்தான் பெரும்பங்கு. அதற்காகவே அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐயிடமிருந்து 2018இல் எஸ்என் பிளஸ், 2020இல் எஸ்பி என்று ஆயில் தரங்கள் வந்தன. பாக்ஸ் பெரும்பாலும் டார்க்கைக் கூட்டுவதோ இந்தக் கீழ் ஆர்பிஎம் பகுதியில்தான்.

எல்லா பாக்ஸையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. விலை கூடிய சில மாட்யூல்கள் பல சென்சார்களைச் சேர்த்துக் கையாளும். ஈசியூவின் ஸ்பார்க் தாமதத்தையும் கலவையையும் படித்து, சிக்கல் தெரிந்தால் தானே பூஸ்ட்டைக் குறைக்கும். ஒரே ஒரு ரெசிஸ்டரோடு வரும் மலிவான பெட்டிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சக்தி வேண்டியே தீரும் என்றால் என் மனம் ரீமேப் பக்கம்தான் சாயும். அங்கே ஈசியூவுக்கு உண்மையான பூஸ்ட் தெரியும், டைமிங்கும் அதற்கேற்ப எழுதப்படும், டார்க் கணக்கையும் சரிசெய்யலாம். ரீமேப் செய்த காரை நீண்ட காலம் வைத்திருந்ததில்லை என்பதால் இதற்குமேல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். வாரண்டி இருக்கும்போது அது தலைவலி. ஈசியூவில் மென்பொருள் மாறிய தடயத்தை டீலரின் கருவி கண்டுபிடிக்கும்.

பாக்ஸைக் கழற்றிவிட்டால் தடயமே இருக்காது என்பதும் முழு உண்மை இல்லை. பூஸ்ட் அளவு மீறி (ஓவர்பூஸ்ட்) பி0234 என்ற பிழைக் குறியீடு விழுந்திருந்தால், அப்போதைய எண்களோடு ஈசியூ அதைப் பதிந்துவைக்கும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் க்ளெய்ம் நேரத்தில் பிரச்சினை. மறுவிற்பனையில் எது எவ்வளவு பாதிக்கும் என்பதில் எனக்கு அனுபவம் போதாது. பழைய கார் வாங்க நான் போனால், பாக்ஸ் இருந்த உலர் கிளட்ச் காரைத் தவிர்ப்பேன்.

பெட்ரோலிலும் ஒரு மிகைப்பேச்சு உண்டு: 'பிரீமியம் போட்டால் வால்வு சுத்தமாகும்' என்பது. நேரடி இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் இன்டேக் வால்வைத் தொடுவதே இல்லை. இன்ஜெக்டர் சுத்தமாகலாம், வால்வில் படியும் கார்பன் அப்படியே இருக்கும்.

இவ்வளவு படித்தும் பாக்ஸ்தான் வேண்டும் என்றால், முதலில் கியர்பாக்ஸின் டார்க் எல்லையையும் எஞ்சினின் டார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இடைவெளி இருந்தால் பாக்ஸைக் குறைந்த செட்டிங்கில் தொடங்குங்கள். ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்குங்கள். மாட்டிச் சில வாரம் கழித்து ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, வெள்ளைப் பீங்கான் பகுதியை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மிளகுத்தூள் போலக் கரும்புள்ளிகளோ, பளபளக்கும் சிறு அலுமினியத் துகள்களோ ஒட்டியிருந்தால் உள்ளே நாக்கிங் நடந்திருக்கிறது. அலுமினியம் வந்திருப்பது பிஸ்டனிலிருந்து. அன்றே பாக்ஸைக் கழற்றிவிடுங்கள்.