யமஹா எஃப்ஜி800: இருபதாயிரம் ரூபாயில் எதற்குக் காசு கொடுக்கிறோம்

இருபதாயிரம் ரூபாயை ஒட்டி ஒரு அக்கவுஸ்டிக் கிட்டார் வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று யார் கேட்டாலும் யமஹா எஃப்ஜி800ஐத்தான் சொல்கிறேன். வேறு நல்ல கிட்டார்களும் இந்த விலையில் உண்டு, அவற்றைப் பற்றியும் கீழே சொல்கிறேன். ஆனால் கொடுக்கிற காசு கிட்டத்தட்ட முழுவதும் சத்தத்துக்கே போயிருக்கிற கிட்டார் என்று பார்த்தால் இதுதான் முதலில் நிற்கிறது. அலங்காரம், பிக்கப் (சத்தத்தை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கருவி), கட்டவே (கழுத்தின் அடிவரை கை எட்ட உடலில் வெட்டிய வளைவு) எதுவும் கிடையாது. மேல்பலகை மட்டும் சாலிட் ஸ்ப்ரூஸ் மரம்.

அந்த மேல்பலகைதான் விஷயமே. கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. அந்த இழுவிசையைத் தாங்கிக்கொண்டே அதிர்ந்து காற்றை அசைப்பது கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கிற பிரிட்ஜ் கட்டை ஒட்டியிருக்கிற முன்பக்கப் பலகைதான். லேமினேட் என்றால் மெல்லிய அடுக்குகளைப் பசை போட்டு ஒட்டியது, நம் வீட்டு பிளைவுட் மாதிரி. உறுதியானது, வெயில் மழையில் சட்டென்று வெடிக்காது, ஆனால் அதிர்வைக் கொஞ்சம் அடக்கிவிடும். சாலிட் என்றால் ஒரே மரத்தின் பலகை. மெதுவாகத் தொட்டாலும் பேசும், ஓங்கி அடித்தாலும் குரல் உடையாமல் நிற்கும். வாசிக்க வாசிக்க இன்னும் திறந்துகொண்டே போகும் என்று கிட்டார்காரர்கள் சொல்வார்கள். என் காதுக்கும் அப்படித்தான் கேட்கிறது.

கடைக்காரரிடம் கேட்டால் ஸ்ப்ரூஸ் டாப்தான் என்று சொல்லிவிடுவார், அது லேமினேட்டுக்கும் பொருந்தும். சாலிட் என்றால் கம்பெனியே தன் விவரப் பட்டியலில் அதைப் பெருமையாகப் போட்டிருக்கும். அதோடு நீங்களே சவுண்ட் ஹோலின், அதாவது நடுவில் இருக்கிற வட்டத் துளையின், ஓரத்தைப் பாருங்கள். மேலே தெரிகிற மரவரி அப்படியே விளிம்பு வழியாக உள்ளே இறங்கினால் சாலிட். விளிம்பில் அடுக்கு அடுக்காகக் கோடு தெரிந்தால் லேமினேட். ஒரு நிமிஷ வேலை.

யமஹாவின் எஃப்ஜி வரிசை 1966இல் எஃப்ஜி180உடன் தொடங்கியது. இப்போதைய 800 வரிசை 2016இல் வந்தது. அதில் மேல்பலகையைத் தாங்க உள்ளே ஒட்டியிருக்கிற பிரேஸிங் கட்டைகளை ஸ்கேலப் முறையில், அதாவது நடுவில் சரித்துச் செதுக்கி, எடை குறைத்தார்கள். பலகை இன்னும் தாராளமாக அதிர்வதால் கீழ்ஸ்தாயி நன்றாக விழுகிறது. ஈ மைனர் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) பிடித்து ஒரு தடவை மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள், மார்பில் அதிர்வு தெரியும். மிக மெல்லிய ஹை ஈ கம்பியும் அதன் நடுவில் மறையாமல் தெளிவாக வருகிறது. ஸ்ட்ரம் செய்து பாடுகிறவர்களுக்கு மிகவும் பொருத்தம். விரலால் மீட்டுகிறவர்களுக்கும் நன்றாகவே இருக்கும், ஆனால் சத்தம் கொஞ்சம் கூர்மையான சத்தம், ரொம்ப இதமான குரல் வேண்டுமென்றால் வேறு பக்கம் பார்க்க வேண்டும்.

அந்த வேறு பக்கம் ஃபெண்டர் சிடி-60எஸ். அதுவும் சாலிட் டாப், பக்கமும் முதுகும் மஹாகனி லேமினேட், விலையும் ஏறக்குறைய இதே வட்டாரம். நடுஸ்தாயி கதகதப்பாக இருக்கும், விரல் வைத்து அழுத்துகிற ஃபிங்கர்போர்டின் ஓரங்களை உருட்டி மழுக்கியிருப்பதால் கைக்கும் சுகம். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் எனக்கு எஃப்ஜி800இன் குரல்தான் திறந்த குரலாகத் தெரிகிறது, இது ரசனை, உங்களுக்கு மாறலாம். கோர்ட் எர்த் வரிசையிலும் சாலிட் டாப் கிடைக்கிறது, கிடைத்தால் அதையும் கையில் எடுத்துப் பாருங்கள்.

யமஹாவிலேயே பத்தாயிரத்தை ஒட்டி எஃப்310 இருக்கிறதே என்பார்கள். நல்ல கிட்டார், சுருதி நிற்கும். ஸ்கேல் நீளம், அதாவது கம்பி அதிர்கிற நீளம், 634 மில்லிமீட்டர், எஃப்ஜி800க்கு 650. அதனால் கம்பி கொஞ்சம் தளர்வாக இருக்கும், புதிதாகக் கற்கிற விரலுக்கு அது உதவி. ஆனால் டாப் லேமினேட். பத்து வயதுப் பிள்ளைக்கு, பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாத நிலையில், எஃப்310 போதும். அடிப்படை கார்டுகள் எல்லாம் வந்துவிட்டது, இனி விடமாட்டேன் என்கிறவர் இன்னும் ஒரு ஐந்தாறு மாதம் காசு சேர்த்து சாலிட் டாப்புக்கே போவது நல்லது.

இணையத்தில் மூவாயிரம் நாலாயிரத்துக்குப் பை, பெல்ட், பிளெக்ட்ரம், கூடுதல் கம்பி எல்லாம் சேர்த்து வருகிறதே, அந்த 38 இன்ச் கட்டவே கிட்டார்களைத் தயவுசெய்து வாங்காதீர்கள். எத்தனையோ பிள்ளைகள் கிட்டாரை விட்டதற்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை, அந்தக் கம்பி உயரம், அதாவது ஃபிங்கர்போர்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி, அளவுக்கு மீறியிருப்பதுதான். விரல் கிழிகிறது, ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்த வேண்டிய எஃப் கார்டு எப்படி அழுத்தினாலும் மொட்டையாகக் கேட்கிறது, சுருதி ஒரு பாட்டுகூட நிற்கவில்லை. பிள்ளை தனக்கு வரவில்லை என்று நினைத்துக்கொள்கிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

சரி, கடைக்குப் போனால் என்ன பார்ப்பது? சென்னையில் இருப்பவர்களுக்கு 1842இல் தொடங்கி இப்போது அண்ணா சாலையில் இருக்கிற மியூஸி மியூசிகல் மாதிரி, கையில் எடுத்து வாசிக்கக் கூடிய கடைகள் உண்டு, அந்த வாய்ப்பை விடாதீர்கள். ஒரே மாடலில் இரண்டு மூன்றை எடுத்து வாசியுங்கள், மரம் என்பதால் ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. ஒருமுறை ஒரு கடையில் துருப்பிடித்த கம்பியோடு மாட்டியிருந்ததைக் கொடுத்து, சுருதி சேர்க்கவும் விடாமல், இதுதான் சத்தம் என்றார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நின்று நேரம் வீணாக்க வேண்டாம்.

முதலில் சுருதி சேருங்கள், போனில் டியூனர் போதும். பன்னிரண்டாவது பிரெட்டில் (பிரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) ஹார்மோனிக்கையும், அதாவது கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலியையும், அதே இடத்தில் அழுத்திய ஸ்வரத்தையும் ஒப்பிடுங்கள், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். கழுத்தை ஹெட் பக்கமிருந்து ஒரு கண்ணால் பாருங்கள், முறுக்கு இருந்தால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள், முறுக்கைக் கழுத்துக்குள் இருக்கிற ட்ரஸ் ராட் கம்பி சரிசெய்யாது. கழுத்தின் ஓரமாக விரலை ஓட்டிப் பாருங்கள், பிரெட் முனை கீறக் கூடாது. பிறகு ஆறு கம்பியிலும் ஒவ்வொரு பிரெட்டாக வாசியுங்கள், எங்கேயாவது சத்தம் செத்துவிழுகிறதா என்று. பொறுமையாகச் செய்யுங்கள், கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

அப்புறம் செட்டப், அதாவது வாசிக்க வசதியாகச் சரிசெய்து கொள்வது. இந்த விலையில் வருகிற எந்த கிட்டாரானாலும் கம்பி உயரம் பெரும்பாலும் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், எஃப்ஜி800ம் விதிவிலக்கு இல்லை. பன்னிரண்டாவது பிரெட்டில் தடித்த கம்பிக்கு 2.5 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்கு 2 என்று வைத்தால் பெரும்பாலானவர்களுக்கு வசதி. பிரிட்ஜில் கம்பியைத் தாங்குகிற சாடிலை அடியில் தேய்த்து, கழுத்தின் மேல்முனையில் கம்பியைத் தாங்குகிற நட்டின் வெட்டுகளைச் சரிபார்த்து, ட்ரஸ் ராடைத் திருகிக் கொடுக்க நல்ல லூத்தியர், அதாவது கிட்டார் பழுதுபார்ப்பவர், ஒருவரைத் தேடிப்பிடியுங்கள். நட்டைப் பார்க்கச் சுலப வழி உண்டு. மூன்றாவது பிரெட்டுக்குப் பின்னால் கம்பியை அழுத்தினால் முதல் பிரெட்டின் மேல் மயிரிழை இடைவெளிதான் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் எஃப் கார்டு உங்களைப் பாடாய்ப் படுத்தும். இந்தச் செலவையும் கிட்டார் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

நம் கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒன்று. சாலிட் டாப்புக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் ஏற்றது, சென்னையில் அதைவிட அதிகமான நாள்தான் அதிகம். ஈரம் குடித்தால் மேல்பலகை லேசாக உப்பி, கம்பி உயரமும் கூடும். பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள், பசை இளகி பிரிட்ஜே மேலெழுந்துவிடும். கம்பியும் இங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் துணியால் துடைத்தால் கூடுதல் நாள் வரும். முதலில் 11-52 கனத்தில் (மெல்லிய கம்பி, தடித்த கம்பி இரண்டின் கனம், ஆயிரத்தில் ஒரு இன்ச் கணக்கில்) போட்டுப் பழகிவிட்டு, விரல் தேறியதும் 12-53க்குப் போங்கள், அப்போதுதான் இந்தப் பலகை முழுக்கப் பேசும்.

எஃப்ஜி800இல் எனக்கு இருக்கிற ஒரே தயக்கம் அதன் உடல். ட்ரெட்நாட் வடிவம் பெரியது, உயரம் குறைவானவர்களுக்கு வலது தோள் தூக்கிக்கொண்டே நிற்கும், கொஞ்ச நேரத்தில் வலிக்கும். அவர்கள் அதே சாலிட் டாப்போடு சிறிய உடலில் வருகிற எஃப்எஸ்800ஐக் கேளுங்கள். அதில் ஸ்கேலும் 634 மில்லிமீட்டர்தான். கீழ்ஸ்தாயி கொஞ்சம் குறையும், ஆனால் மடியில் அழகாக உட்காரும். மேடையில் வாசிக்க வேண்டியிருந்தால் பிக்கப்பைப் பின்னால் தனியாகப் போட்டுக்கொள்ளலாம்.