'1976 ஒரிஜினல்' என்று யாராவது சொன்னால் முதலில் ஸ்கேலை எடுங்கள்

பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பழைய புத்தகம் விற்கும் ஒருவரிடம் போன மாதம் 6,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். அதே ஆள் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வாங்கியது, 1976-ல் டிசி, மார்வெல் என்ற இரண்டு அமெரிக்க காமிக்ஸ் கம்பெனிகள் சேர்ந்து வெளியிட்ட சூப்பர்மேன் – ஸ்பைடர்மேன் காமிக்ஸ். இரண்டு கம்பெனிகளின் பெரிய நாயகர்கள் ஒரே கதையில் மோதிய முதல் புத்தகம். விலை 2 டாலர். கதை ஜெர்ரி கான்வே, படம் ராஸ் ஆண்ட்ரூ. (லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடர் வேறு ஆள், அவர் பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகர்.) ஹார்பரில் வேலை பார்த்த பெரியப்பாவுக்கு ஒரு கப்பல்காரர் கொடுத்தது எங்கள் வீட்டில் இருந்தது. தரையில் விரித்துக் குப்புறப் படுத்துத்தான் படிக்க முடியும், அவ்வளவு பெரிசு. 2015 டிசம்பர் மழையில் வியாசர்பாடி வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது அது கூழாகிப் போனது. அன்றிலிருந்து தேடிக்கொண்டிருந்தேன்.

கடையில் காட்டியபோது தடிமனான பிளாஸ்டிக் கவரில் போட்டு, நாலு பக்கமும் டேப் ஒட்டியிருந்தார். பின்னால் ஒரு பெரிய அட்டை. "பிரிச்சா மதிப்பு பூடும் சார்" என்றார். எனக்கு அளவில்தான் சந்தேகம் வந்தது. "இன்னும் பெரிசா இருந்த ஞாபகம்ங்க" என்றேன். "சின்ன வயசுல எல்லாமே பெரிசாத்தான் சார் தெரியும்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் அடங்கிவிட்டேன். 9,000 சொன்னவர் 6,500-க்கு இறங்கினார். ஜிபே செய்தேன். பில் கேட்கவில்லை.

வீட்டில் கவரைப் பிரித்துப் படித்தது என் பையன். ஆறாவது படிக்கிறான். பாதியில் நிறுத்திவிட்டு, "ஏம்ப்பா, ஸ்பைடர்மேன் அடிச்சா சூப்பர்மேன் எப்படிப்பா பறந்து போய் விழுவாரு?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. பதில் அந்தப் புத்தகத்திலேயே உண்டு. வில்லன் லெக்ஸ் லூதர் சூப்பர்மேன் வேஷத்தில் வந்து, நாயகர்களின் காதலிகளான லோயிஸ் லேனையும் மேரி ஜேனையும் கடத்திவிடுவான். இரண்டு நாயகர்களும் ஒருவரை ஒருவர் சந்தேகப்படுவார்கள். சண்டை சமமாக நடக்க வேண்டுமே என்று லூதர் ஸ்பைடர்மேன் மேல், சூப்பர்மேனைப் பலவீனமாக்கும் சிவப்புச் சூரியக் கதிரைப் பாய்ச்சிவிடுவான். அந்தக் கதிர் தீரும்வரைதான் அந்த அடி. தீர்ந்த பிறகு ஸ்பைடர்மேன் குத்தக் குத்த சூப்பர்மேன் அசையாமல் நிற்பார். கை வலித்த பிறகுதான் இரண்டு பேரும் பேசவே ஆரம்பிப்பார்கள். இப்போது படித்தால் கோபம் வருகிறது. 'என்ன நடந்தது?' என்று ஒருவர் கேட்டிருந்தால் அத்தனை பக்கச் சண்டையும் தேவையில்லை. ஒருவர் தோற்றால் அந்தக் கம்பெனிக்கு மரியாதை போய்விடும் என்பதற்காகவே அந்தக் கதிரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனாலும் எட்டு வயதில் அந்தப் பக்கத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன், அது பொய்யில்லை.

என் கையில் இருந்த புத்தகத்தில் அந்தக் கதிர் வரும் பக்கமே இல்லை.

அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். தாள் பழுப்பாக இருந்தது. ஆனால் பின்கள் நேற்று அடித்த மாதிரி பளபளத்தன. விரலை நனைத்துத் தாளின் ஓரத்தைத் தேய்த்தேன், பழுப்பு விரலில் ஒட்டிக்கொண்டது. முகர்ந்தால் டீத்தூள் வாசனை. நடுவில் பிரித்து அழுத்தினேன். பின் அடித்த மடிப்புக்குள் டீ இறங்கவில்லை, அங்கே தாள் வெள்ளை வெளேரென்று இருந்தது.

தண்டையார்பேட்டையில் ஒரு நண்பரிடம் 1978-ல் வந்த சூப்பர்மேன் – முகமது அலி புத்தகம் இருக்கிறது. அதுவும் அதே பெரிய சைஸ்: அகலம் சுமார் 10 அங்குலம், உயரம் 13 அங்குலத்துக்கு மேல். அதன் மேல் என்னுடையதை வைத்தார். மேலே மூன்று விரல் அகலத்துக்கு அலி புத்தகம் நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வந்தது ஏ4 கலர் ஜெராக்ஸ். நகைக்கடை லென்ஸில் பார்த்தால் அவருடையதில் அச்சுப் புள்ளிகள் பெரிசு பெரிசாகத் தனித்தனியாகத் தெரிகின்றன. என்னுடையதில் அந்தப் பெரிய புள்ளிக்குள்ளேயே பொடிப் புள்ளிகள். ரூபாய் நோட்டு பார்க்கும் நீல லைட்டை அடித்தோம். அவருடைய தாள் மங்கலாகவே கிடந்தது. என்னுடையதில் டீ படாத மடிப்பு மட்டும் பளீரென்று மின்னியது. இந்தக் காலத்து வெள்ளைத் தாளில் சேர்க்கும் வெண்மையூட்டிதான் அப்படி மின்னும்.

கடைக்குத் திரும்பப் போனேன். "கவரைப் பிரிச்சிட்டீங்களே சார், இனிமே நான் இன்னா பண்றது?" என்றார். அடுத்த நாள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். பில் இல்லை, கையில் இருப்பது ஜிபே ரசீதும் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் படங்களும்தான். அந்தப் படங்களை அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு புதுப் படம் போட்டிருப்பதாக நண்பர் காட்டினார். அதே மாதிரி கவர், அதே டேப். இந்த முறை முகமது அலி புத்தகம், 'ஒரிஜினல், 1978', 8,000 ரூபாய். வாங்க நினைப்பவர்கள் கவரைப் பிரித்து, பக்கத்தில் ஒரு அடி ஸ்கேலை வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.